விமானம் ஓட்டத் தெரிந்தால் போதாதா?

கேள்வி: என் மகள் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. சிமுலேட்டர் தேர்வில் ஓர் எஞ்சின் நின்றுபோன நிலையிலும் பிசகில்லாமல் தரையிறக்கினாளாம். ஆனால், கேப்டனின் தவறை அழுத்தமாகச் சுட்டிக்காட்டத் தயங்கினாள் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நன்றாக ஓட்டுபவளுக்குப் பேச்சுக்காக மார்க் குறைப்பது என்ன நியாயம்?
– ஒரு தந்தை, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது ஐயா.

கை நன்றாக ஓடினால் நல்ல விமானி, அதிக மணி நேரம் பறந்தவர் இன்னும் நல்ல விமானி என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால், மங்களூரு விபத்தைப் பாருங்கள். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஓடுபாதையின் விளிம்பைச் சுமார் 50 அடி உயரத்தில் கடக்க வேண்டிய விமானம் 200 அடியில் கடந்தது, வேகமும் அதிகம். துணை விமானி மூன்று முறை ‘கோ-அரவுண்ட்’ என்றார். இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே எழும்பச் சொல்லும் அழைப்பு அது. கேப்டன் கேட்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது சுமார் 5,200 அடி ஓடுபாதை பின்னால் போய்விட்டிருந்தது. உங்கள் லாஸ்பேட்டை ஓடுபாதை முழுவதுமே சுமார் 1,500 மீட்டர்தான், அதாவது 5,000 அடிக்கும் சற்றுக் குறைவு! 158 பேர் உயிரிழந்தார்கள்.

துணை விமானி பலமுறை எச்சரித்தும் கட்டுப்பாட்டைத் தானே கையில் எடுக்கவில்லை. அந்த அதிகாரம் பற்றிய விதிமுறைகளில் இருந்த குழப்பம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று விசாரணைக் குழு குறிப்பிட்டது. அங்கே தவறியது கேட்பதும், முடிவெடுப்பதும்.

பழைய தேர்வு முறை இவற்றைச் சரியாக அளக்கவில்லை. ‘வி-ஒன்’ வேகத்தில், அதாவது அதற்குமேல் போனால் புறப்பாட்டை நிறுத்தக் கூடாது என்ற வேகத்தில், எஞ்சின் நிற்கும். வினாத்தாள் முன்கூட்டியே கையில் இருப்பதுபோல எல்லோரும் அதற்குத் தயாராகி வருவார்கள். கை பழகும், எதிர்பாராதது வந்தால் என்ன செய்வார் என்பது தெரியாது.

விபத்து அறிக்கைகளையும் அன்றாடப் பறப்புகளில் பதிவாகும் தரவுகளையும் அலசிய பிறகு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013இல் ஒரு கையேடு வெளியிட்டது. விமானிக்கு வேண்டிய எட்டுத் திறன்களை அது வரையறுத்தது. விமானத்தைக் கையால் ஓட்டுவது அவற்றில் ஒன்று மட்டுமே. தகவல் தொடர்பு, தலைமையும் குழுப்பணியும், சூழலை உணர்தல், வேலைப்பளுவைச் சமாளித்தல், சிக்கலைத் தீர்த்து முடிவெடுத்தல் எல்லாம் அதே வரிசையில் நிற்கின்றன. இவற்றை மையமாக வைத்த பயிற்சியைத்தான் திறன் அடிப்படைப் பயிற்சி என்கிறார்கள்.

‘தயங்கினாள்’ என்பது பயிற்றுநரின் வெறும் அபிப்பிராயமாக இருந்தால் உங்கள் கோபம் நியாயமே. அதற்காகத்தான் ஒவ்வொரு திறனுக்கும் நடத்தைக் குறிகள் உண்டு. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு உறுதிசெய்யக்கூடிய செயல்கள் அவை. கவலையைத் தெளிவாகச் சொன்னாரா? பதில் வராதபோது அழுத்தி மறுபடி சொன்னாரா? அத்தகைய செயல்கள் எத்தனை முறை, எவ்வளவு நன்றாக வெளிப்பட்டன என்பதை வைத்தே மதிப்பெண்.

இப்படியொரு பயிற்சித் திட்டத்தை நடத்தும் தலைவருக்கு, என் பார்வையில், விமானிகளைப் பயிற்றுவிப்பதைவிடப் பயிற்றுநர்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. ஒரே சிமுலேட்டர் அமர்வின் வீடியோவைப் பலரிடம் காட்டித் தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்வார்கள். ஒருவர் நான்கும் மற்றவர் இரண்டும் போட்டால், எந்தச் செயலைப் பார்த்துப் போட்டீர்கள் என்று உட்கார்ந்து பேசுவார்கள். இந்த வேலையில் சோம்பல் காட்டும் இடத்தில், எட்டுத் திறன்களும் காகிதத்தோடு நின்றுவிடும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். எந்த நிமிடத்தில், எந்த நடத்தைக் குறியில் குறைந்தது என்று பயிற்றுநரிடம் கேட்கட்டும். அது அவருடைய உரிமை. அமர்வு பதிவாகியிருந்தால் அந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டவும் சொல்லலாம். அடுத்த அமர்வில் அந்தக் குறைக்கென்றே ஒரு சூழ்நிலையை அமைத்துத் தருவார்கள். கேப்டன் இருக்கையில் இருப்பவர் வேண்டுமென்றே தவறு செய்வார், உங்கள் மகள் எப்போது, எப்படி வாய் திறக்கிறார் என்று பார்ப்பதற்காக.