ஒரே காற்று, வேறு வேறு நீர்: பாய்மரப் பந்தயத்துக்கு முன் காற்றைக் கணிப்பது எப்படி?

கைப்பேசியில் காற்று 12 நாட் என்று காட்டுகிறது. மணிக்கு ஏறக்குறைய 22 கி.மீ. இந்த ஒரே காற்று கடலூர் தேவனாம்பட்டினம் கடலில் சிறு பாய்மரப் படகைச் சீறிப் பாய வைக்கும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் கவிழ்த்தும் விடலாம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துச் சுரபுன்னைக் கால்வாய்க்குள் பாயை அசைக்கக்கூட மாட்டாது. பந்தயத்துக்கு இறங்கும் இளையவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டு இடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறை இது.

1. முதலில் திசை

வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை என்று நம் மொழியில் திசைக்கொரு பெயர் உண்டு. குப்பத்துக்குக் குப்பம் வழக்கு மாறும். அந்தக் கரைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. மேற்கிலிருந்து வரும் கரைக்காற்றில் கரையோரத் தண்ணீர் குளம்போல் கிடக்கும். அதை நம்பிவிடாதீர்கள். தள்ளிப் போகப் போகக் காற்று வலுக்கும், திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேர் எதிரே ஓடாது. ஏறக்குறைய 45 பாகை விலகி, வளைந்து வளைந்துதான் கரை சேர வேண்டும்.

2. கண்ணால் அளவெடுங்கள்

மணிக்கு 12 முதல் 19 கி.மீ. என்றால் சிறு கொடி விரிந்து நிற்கும், கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்நுரை தெரியும். பழகுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். 20 முதல் 28 கி.மீ. வரை புழுதி எழும், வெண்நுரை பெருகும். பயிற்சி பெற்றவர்களுக்கு நல்ல பந்தயக் காற்று. 29-ஐத் தாண்டினால் சின்ன மரங்களே ஆடும். கைதேர்ந்தவர்கள் மட்டும் இறங்கலாம். 39-ஐத் தொட்டால் சிறு படகுகள் கரையிலேயே இருக்கட்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின்மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. 15 கி.மீ. காற்றில் சிரித்துக்கொண்டு போனவர் 30 கி.மீ. காற்றில் தடுமாறுவது இதனால்தான்.

3. இடத்தைப் படியுங்கள்

சென்னைத் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் உண்டு. உள்ளே அலை அடங்கியிருக்கும். ஆனால் கப்பலும் கிடங்கும் காற்றை முறித்துச் சுழலவிடும். 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் படகுகள் அந்தத் துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

கடலூர் வேறு மாதிரி. இங்கே சரக்குக் கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கிய காலம் நீண்டது. திறந்த கடலில் காற்று சீராக வரும், அலையும் முழுசாக வரும். பழைய நகர முகத்துவாரத்தில் வற்றத்தின்போது ஆற்றுநீர் கடலுக்கு ஓடும். கொண்டல் அதை எதிர்த்தால் அலை செங்குத்தாக எழுந்து உடையும். ஆகவே நீரேற்ற நேரம் பார்த்து முகத்துவாரத்தைக் கடந்து செல்லுங்கள்.

பிச்சாவரத்தில் துடுப்புதான் உதவும். அது தரும் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கு அதன் மறைவில் காற்று குறையும். கழிமுகத்தில் பந்தயம் என்றால் மரக்கரையை விட்டு விலகி ஓட்டுங்கள்.

4. மதியத்துக்குக் காத்திருங்கள்

கோடை மாதங்களில் காலையில் கரைக்காற்று, பிறகு ஒரு புழுக்கமான அசைவின்மை, அதன்பின் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று. இடைப்பட்ட அந்த அமைதியில் பந்தயத்தைத் தொடங்கினால் பாதி வழியில் காற்று திசை மாறி, முந்தியவர் பிந்துவார். கடற்காற்று நிலைத்தபின் தொடங்குங்கள்.

5. பாயை ஆளுக்கேற்றபடி தேர்ந்தெடுங்கள்

இந்தியப் பாய்மர வீரர் விஷ்ணு சரவணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய படகின் பாய் 7.06 சதுர மீட்டர். வீராங்கனை நேத்ரா குமணன் ஓட்டியது 5.76. படகின் உடல் ஒன்றே. பாயும் பாய்மரமும்தான் வேறு. எடை குறைந்தவர்கள் சிறிய பாய் கட்டுவதில் வெட்கமே வேண்டாம். காற்று வீச்சு வரும்போது பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்துங்கள். உடலைக் காற்றுப் பக்கம் சாய்த்துப் படகை நிமிர்த்துங்கள்.

6. காற்றின் மேற்பக்கத்தைப் பிடியுங்கள்

1783 ஜூன் 20 அன்று இதே கடலூர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் 15 கப்பல்களோடு, 18 கப்பல்கள் வைத்திருந்த ஆங்கிலேயத் தளபதி ஹியூஸை எதிர்த்தார். காற்று வரும் பக்கம் சுஃப்ரானிடம் இருந்தது. எப்போது நெருங்குவது என்பதை அவரே முடிவு செய்தார். பந்தயத் தொடக்கக் கோட்டிலும் இதுவே சூத்திரம். மேற்பக்கம் இருப்பவருக்குக் கலங்காத காற்று. கீழே இருப்பவருக்கு அடுத்தவர் பாய் கலக்கிய காற்று.

7. கூண்டைப் பாருங்கள்

கிளம்புமுன் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் படியுங்கள். ஐப்பசி, கார்த்திகை வாடையில் பந்தயமே வேண்டாம். கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், எண் ஒன்றாக இருந்தாலும் படகைக் கரையேற்றுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையில் அடித்த அடியைக் கண்டவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

உயிர்க்கவசம் அணிந்து, துணைப்படகு உடன்வர, இந்த ஏழு படிகளையும் வரிசையாகச் செய்துவிட்டு இறங்குங்கள். கரையில் செலவிடும் அந்த அரைமணி நேரத்தில்தான் பந்தயத்தின் பாதி முடிவாகிறது.