ரோந்துக்கு முன்னால் ஒரு சிறைச்சாலை

ஷெரிஃப் என்றதும் நம்மவர்களுக்குக் குதிரை, அகலத் தொப்பி, நெஞ்சில் நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி என்று மனசுக்குள் ஒரு படம் ஓடும். அந்தப் படத்தை எடுத்தது பாதி ஹாலிவுட், மீதி நடிகர் ஜெய்சங்கரைக் குதிரையேற்றிய இயக்குநர் கர்ணன். அதை வைத்துக்கொண்டு இன்றைய அமெரிக்கக் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் போன்றது) ஷெரிஃப் அலுவலகத்தில் டிரெய்னியாகச் சேர்வதைப் பற்றிப் பேசினால் எல்லாமே பிசகும். அப்படிப் பிசகும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க, இங்கே கலிஃபோர்னியாவை, அதிலும் முக்கியமாக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். 1850-இல் தொடங்கிய அந்த ஷெரிஃப் துறைதான் அந்த நாட்டிலேயே பெரியது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும்; 'அமெரிக்காவில் இப்படித்தான்' என்று அடித்துப் பேசுபவர் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கேட்பது நல்லது.

"ஷெரிஃப் என்பவர் நம்ம ஊர் எஸ்.பி. மாதிரி."

எஸ்.பி. அரசு நியமிக்கும் அதிகாரி. இன்றைக்குச் சேலம் என்றால் நாளைக்கு நெல்லை என்று மாற்றல் வரும். ஷெரிஃப் ஓட்டுக் கேட்டு ஜெயித்து வருகிறவர். பெரும்பாலான மாநிலங்களில் இதுதான் வழக்கம். கலிஃபோர்னியாவில் பதவிக்காலம் நான்கு ஆண்டு. 2022-இல் ஜெயித்தவர்களுக்கு மட்டும் ஆறு ஆண்டு வாய்த்தது. ஷெரிஃப் தேர்தலை அதிபர் தேர்தல் ஆண்டோடு சேர்த்து ஒரு சட்டம் வந்ததால், அவர்கள் மறுபடி மக்களைச் சந்திக்க வேண்டியது 2028-இல்தான். அதற்காக அரசியல்வாதி யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துவிட முடியாது. காவல் பணித் தகுதி உள்ளவர்தான் அங்கே வேட்பாளராகலாம்.

ஷெரிஃப் தோற்றுப்போனால் அவருக்குக் கீழே இருக்கிறவன் வேலை என்ன ஆகும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கலிஃபோர்னியாவில் தகுதிகாண் பருவத்தை முடித்த டெபுடியை, அதாவது ஷெரிஃப்பின் கீழ் வேலைபார்க்கும் காவலரை, நினைத்த மாத்திரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. காவலர்களை விசாரிக்கும் முறைக்கென்றே 1976-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வட கரோலினாவிலோ கதை வேறு. அங்கே ஷெரிஃப்புக்கு விருப்பம் உள்ளவரைதான் டெபுடிக்கு வேலை.

"நகரத்துக்குத்தான் போலீஸ் இருக்கிறதே, ஷெரிஃப் ஆட்களுக்கு என்ன வேலை?"

நகராட்சி எல்லைக்குள் வராத பகுதிகளில் ரோந்து, கவுண்டிச் சிறை, நீதிமன்றப் பாதுகாப்பு, நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றுவது எல்லாம் இவர்கள் வேலை. இது போக, 1954-இல் லேக்வுட் என்ற ஊர் நகரமானபோது சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளாமல், கவுண்டி ஷெரிஃப்புக்குப் பணம் கட்டிக் காவலை ஒப்பந்தமாக வாங்கிக்கொண்டது. அந்த ஏற்பாடு மற்ற ஊர்களுக்கும் பரவியது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் குபெர்டினோவும் இப்படித்தான். ஆப்பிள் தலைமையகம் இருக்கும் ஊர், ஆனால் திருட்டுப் போனால் வாசலில் வந்து நிற்பவர் சான்டா கிளாரா கவுண்டி டெபுடி.

நீதிமன்ற உத்தரவு என்று நான் ஒரே சொல்லில் கடந்துபோனதில் ஒரு பாரம் இருக்கிறது. வாடகை வழக்கில் தோற்ற குடித்தனக்காரரின் கதவில் ஐந்து நாள் கெடு நோட்டீசை ஒட்டுவது டெபுடி. கெடு முடிந்ததும் பூட்டு மாற்றுகிறவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரர் வர, பக்கத்தில் நின்று ஆட்களை வெளியே அனுப்புவதும் டெபுடி. அடுப்பில் பாத்திரம் இருக்கும், சுவரில் பிள்ளைகளின் படம் இருக்கும். நான் பார்த்த ஆள்சேர்ப்பு விளம்பரம் எதிலும் இந்தக் காட்சி கிடையாது.

"உடம்பு இருந்தால் போதும், படிப்பு எதற்கு?"

உடம்பு வேண்டும், மறுக்கவில்லை. மாநிலப் பயிற்சி ஆணையம் வகுத்த தேர்வில் 99 கஜத் தடை ஓட்டம் உண்டு. ஆறடிக் கம்பி வேலி, ஆறடி மொட்டைச் சுவர் இரண்டையும் ஏறிக் குதிக்க வேண்டும். 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுக்க வேண்டும். கிட்டத்தட்ட 75 கிலோ, அடிபட்டுக் கிடக்கும் சக காவலர் என்று கணக்கு. கடைசியில் 500 கஜ ஓட்டம்.

ஆனால் ஆள் கழியத் தொடங்குவது அதற்கு வெகு முன்னால், எழுத்துத் தேர்வில். பள்ளிப் படிப்பு போதும், பட்டம் கேட்பதில்லை. கேட்பது தெளிவான ஆங்கிலம். ஒரு பத்தியைக் கொடுத்து, இடையிடையே சொற்களை உருவியிருப்பார்கள். எழுத்துக்கு ஒன்றாகச் சிறு கோடுகள் மட்டும் இருக்கும். பொருளும் எழுத்து எண்ணிக்கையும் இரண்டும் பொருந்துகிற சொல்லைப் போட வேண்டும். 'புத்திசாலிகளை எடுக்கமாட்டார்கள்' என்று ஒரு வதந்தி உலவுவதற்கு வேறு காரணம் உண்டு. கனெக்டிகட்டின் நியூ லண்டன் நகரப் போலீஸ், அறிவுத் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கிய ஒருவரை, சலிப்புத் தட்டி விலகிவிடுவார் என்று நிராகரித்தது. 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைத் தவறில்லை என்றது. அது ஒரு நகரம், ஒரு வழக்கு. கவுண்டிகளின் விதியாக அதைப் படிக்கக் கூடாது.

"பழைய தப்பை மறைப்பதுதான் சாமர்த்தியம்."

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்த நம்பிக்கைதான் என்பது என் அபிப்பிராயம்.

தேர்வில் தேறியவர் கைக்குத் தன்வரலாற்றுப் படிவம் ஒன்று வரும். இருபது பக்கத்துக்கு மேல் போகும். குடியிருந்த முகவரிகள், பார்த்த வேலைகள், விட்ட காரணம், கடன், போக்குவரத்து அபராதம், கைது, சண்டை என்று எதையும் விடாது. படிவத்தை வாங்கிக்கொண்ட விசாரணை அலுவலர், பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலக் கிளம்பிவிடுவார். பழைய முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர், விவாகரத்தான மனைவி, கூடத் தங்கியிருந்த நண்பன், யாரும் தப்பமாட்டார்கள். பல அலுவலகங்களில் பாலிகிராஃப் சோதனையும் உண்டு. மனநல மதிப்பீடு சட்டப்படி கட்டாயம். எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் கதவு மூடியதுதான். மற்றவற்றைக் காலம், வயது, தன்மை பார்த்து எடைபோடுவார்கள். பதினெட்டு வயதில் கடையில் திருடிப் பிடிபட்டதை எழுதினால் கேள்வி வரும், பதில் சொல்லலாம். 'அதை ஏன்டா எழுதுற, யாருக்குத் தெரியப்போகுது?' என்று வீட்டுப் பெரியவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டு, பிறகு அது வெளியே வந்தால் பேச்சே கிடையாது. இது வெறும் ஒழுக்க உபதேசமும் இல்லை. 1963-இல் பிராடி வழக்கிலும் 1972-இல் ஜிக்லியோ வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவு: குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதை, அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தைக் குலைப்பது உட்பட, அரசு வழக்கறிஞர் மறைக்கக் கூடாது. பொய் சொன்னவர் என்று பெயரெடுத்த காவலர் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். சாட்சி சொல்ல முடியாத காவலரை வைத்துக்கொண்டு அலுவலகம் என்ன செய்யும்?

"குடியுரிமை இருந்தாக வேண்டும். தலைப்பாகைக்கும் தாடிக்கும் இடமில்லை."

ஃப்ளோரிடாவில் குடியுரிமை கட்டாயம். கலிஃபோர்னியாவில் 2023 முதல் சட்டப்படியான வேலை அனுமதி இருந்தால் போதும், கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனுப் போடலாம். எச்-1பி விசாக்காரர் ஆசைப்பட வேண்டாம். அந்த அனுமதி மனுச் செய்த நிறுவனத்தோடு கட்டுண்டது. நியமனத்துக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். தலைப்பாகை விஷயத்தில், டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டி 2015-இல் சந்தீப் தாலிவாலைத் தலைப்பாகையோடும் தாடியோடும் பணிசெய்ய அனுமதித்தது. 2019 செப்டம்பர் 27 அன்று வாகனச் சோதனையின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹூஸ்டனில் ஓர் அஞ்சலகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

"அகாடமி என்றால் துப்பாக்கி சுடுவது."

கலிஃபோர்னியாவில் அடிப்படைப் பயிற்சிக்கு மாநிலம் வைத்த குறைந்தபட்சம் 664 மணி நேரம். பல அகாடமிகள் இதைவிடக் கூடவே நடத்தும். இந்தக் குறைந்தபட்சத்தில் துப்பாக்கிக்குப் போவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ரிப்போர்ட் எழுதும் பயிற்சி அதைவிட அவ்வளவு ஒன்றும் குறைவில்லை. மீதி நேரத்தில் கைது, சோதனை பற்றிய சட்டம், முதலுதவி, குடும்ப வன்முறை, மாற்றுத்திறனாளிகளோடு பேசும் முறை, வண்டி ஓட்டுவது. அலுவலகமே டிரெய்னியாக எடுத்திருந்தால் முதல் நாளிலிருந்து சம்பளம் உண்டு. சொந்தச் செலவில் சமுதாயக் கல்லூரியில் அகாடமி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தில் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2022 நவம்பர் 16 காலை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் சவுத் விட்டியரில் அணிவகுத்து ஓடிக்கொண்டிருந்த பயிற்சியாளர்கள் மேல் எதிர்த்திசையில் வந்த கார் ஏறி 25 பேர் காயம்பட்டார்கள். ஒருவர் மறு ஆண்டு இறந்துபோனார்.

"பேட்ஜ் வாங்கிய மறுநாள் ரோந்து கார்."

லாஸ் ஏஞ்சலஸில் புது டெபுடிக்கு வழக்கமாகக் கிடைக்கும் முதல் இடம் சிறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் உள்ள அமைப்பு அது. மனநோயோடு வருபவர்கள் ஏராளம். கைதிகள் இருக்கும் பகுதிக்குத் துப்பாக்கி போகாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணிக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு அறையையும் நேரில் எட்டிப் பார்க்க வேண்டும். படுத்திருப்பவர் போர்வை ஏறி இறங்குகிறதா என்று கவனித்துவிட்டு அடுத்த அறைக்கு நகர வேண்டும். இது ஓராண்டும் நடக்கலாம், பல ஆண்டும் நடக்கலாம். அதன் பிறகே ரோந்து. அங்கேயும் மூத்த டெபுடி பக்கத்தில் உட்கார்ந்து குறைந்தது பத்து வாரம் களப் பயிற்சி. சில கவுண்டிகளில் சிறைக்கென்று தனி டெபுடிகளையே எடுக்கிறார்கள், மனுப் போடும்போது எந்தப் பதவி என்று பார்த்துப் போடுவது உத்தமம்.

சிறைப் பணியை வெறும் காத்திருப்பு அறையாக நினைப்பது இந்த நம்பிக்கைகளிலேயே ஆபத்தானது. கதவு பூட்டியிருக்கிறது, பார்க்க ஆளில்லை, எதிரே நிற்பவன் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. புதியவன் கை ஓங்கக் கற்றுக்கொள்வதும் ஓங்காமலிருக்கக் கற்றுக்கொள்வதும் அங்கேதான். லாஸ் ஏஞ்சலஸ் சிறைகளில் டெபுடிகள் கைதிகளை அடித்ததை எஃப்.பி.ஐ. விசாரித்தது. விசாரணையைத் தடுத்ததற்காகவும் பொய் சொன்னதற்காகவும் 2017-இல் முன்னாள் ஷெரிஃப் லீ பாகாவுக்கே மூன்று ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. காவல் துறைகளுக்குள் டெபுடிகள் ரகசியக் கும்பல் சேர்வதைத் தடுக்க 2021-இல் மாநிலம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு இன்னொரு சட்டமும் வந்தது. அதற்கு முன்னால் ஓர் இடத்தில் வேலையிழந்தவர் சத்தமில்லாமல் அடுத்த கவுண்டியில் சேர்ந்துவிட முடிந்தது. இப்போது மாநில ஆணையம் காவலரின் சான்றிதழையே பறிக்கலாம், மாநிலத்தில் எங்கேயும் அவர் அந்தச் சீருடையைப் போட முடியாது. பறிப்பதற்கான காரணங்களில் கைதியை அடிப்பதும் உண்டு, ரிப்போர்ட்டில் பொய் எழுதுவதும் உண்டு.