மிளகாய் செய்யாத குற்றம்

நம்பிக்கை: காரம் சாப்பிட்டால் அல்சர் வரும். வேளாவேளைக்குச் சாப்பிடாவிட்டால் அமிலம் வயிற்றை அரித்துவிடும்.

உண்மை: பட்டினி கிடந்தாலும் இரைப்பையின் உட்சுவரை ஒரு கோழைப் படலம் காக்கிறது. அதைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, மூட்டுவலிக்கு நாமே கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகள்.

இரைப்பை அமிலத்தில் கிருமி பிழைக்காது என்றுதான் மருத்துவர்களும் நம்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் நோயாளிகளின் இரைப்பைத் திசுவில் வளைந்த கிருமி ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதை வளர்க்கத்தான் முடியவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் வளராத தட்டைத் தூக்கி எறிவது ஆய்வுக்கூட வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் எறிய ஆளில்லாமல் கிடந்த தட்டில் கிருமி வளர்ந்திருந்தது! அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்ளும் கெட்டிக்காரக் கிருமி அது. 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்துக் காட்டினார். சில நாளில் வாந்தி, எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தக் கிருமியால் வரும் அல்சர் இன்று ஆன்டிபயாடிக்கில் குணமாகும். எரிச்சல் தணிந்ததும் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான் வம்பு.

மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. எரியும், புண்ணாக்காது. ஏற்கெனவே புண் உள்ளவர் குறைத்துக்கொள்ளட்டும். ஆனால் ரசத்தை ஒதுக்கிவிட்டு வலி மாத்திரையை விழுங்குபவரை என்ன சொல்வது?

நம்பிக்கை: சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் ஜீரணம் கெடும்.

உண்மை: எச்சில் தொடங்கிக் குடல் நீர்வரை நாளொன்றுக்குச் சுமார் 7 லிட்டர் சுரக்கிறது. ஒரு தம்ளர் தண்ணீர் அதை என்ன செய்துவிடும்? குடியுங்கள்.

நம்பிக்கை: வாயு முதுகிலும் நெஞ்சிலும் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

உண்மை: குடலில் உள்ள வாயு தசைக்குள் போய் உட்கார வழியே இல்லை. முதுகில் பிடிப்பது பெரும்பாலும் சதைப்பிடிப்பு. நெஞ்சில் என்றால் விளையாட்டல்ல: வாயு என்று சோடா குடித்துப் பொழுதைக் கடத்திய மாரடைப்புகள் ஏராளம். நெஞ்சு அழுத்தி வியர்த்தால், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாகவும் மாரடைப்பு வரும்.