குடல் புற்றுநோயும் தட்டைப்புழுவும்

சில மாடுகள் குறட்டை விடுவது போல் மூச்சு விடுவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். மூக்கினுள் காலிபிளவர் பூப்போல் சதை வளர்ந்திருக்கும். இதற்குக் காரணம் இரத்தக் குழாயில் வாழும் சிஸ்டோசோமா என்னும் தட்டைப்புழு. இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு புழு, சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதி நெல் விவசாயிகளின் குடலை நெடுங்காலமாகத் தாக்கி வந்துள்ளது. அது குடல் புற்றுநோய்க்கும் வழி வகுக்கலாம் என்ற ஐயம் உண்டு.

பரவும் விதம்

மனிதரின் மலம், எருமைச் சாணம் ஆகியவற்றுடன் புழுவின் முட்டைகள் நீரில் சேர்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் இளம்புழு, நெல்மணி அளவே உள்ள ஒருவகை நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பின்னர் வெளியேறி, நீரில் இறங்கி வேலை செய்பவரின் தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. வளர்ந்த புழுக்கள் குடலின் இரத்தக் குழாய்களில் தங்கி முட்டையிடுகின்றன.

கெடுதல் செய்வது முட்டையே

எல்லா முட்டைகளும் மலத்துடன் வெளியேறுவதில்லை. ஒரு பகுதி குடல் சுவரிலேயே தங்கி விடுகிறது. அந்த இடம் ஆண்டுக்கணக்கில் புண்ணாவதும் ஆறுவதுமாக இருக்கும். நாளடைவில் இது புற்றாக மாறக்கூடும் என்று கருதப்படுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் இப்புழுவை, புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. உறுதியான காரணம் என்று கூறவில்லை. ஆனால் எகிப்து முதலிய நாடுகளில் சிறுநீர்ப்பையைத் தாக்கும் இதன் இனப்புழுவை உறுதியான காரணம் என்றே அறிவித்தது.

தடுத்த முறை

சீனாவின் போயாங் ஏரிக்கரைக் கிராமங்களில் 2005 முதல் 2007 வரை தடுப்புப் பணி நடந்தது. ஏரிக்கரையில் மாடு, எருமை மேய்ப்பது நிறுத்தப்பட்டது. உழவுக்கு இயந்திரங்கள் வந்தன. குழாய் நீரும் கழிப்பறையும் அமைக்கப்பட்டன. ஒரு கிராமத்தில் நோய்த்தொற்று 11.3 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாகக் குறைந்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

சீனாவில் காணும் இப்புழு நம் நாட்டில் பரவியிருக்கவில்லை. நம் மாட்டுப் புழு, நீரில் இறங்குபவருக்குத் தோல் அரிப்பு தருமே தவிர, மனித உடலில் தங்கி வளர்வதில்லை. கொக்கிப்புழு இரத்தசோகை தரும். புற்றுநோய் தருவதாக நிறுவப்படவில்லை. எனவே பீதி தேவையில்லை.

ஆனால் மலத்தில் இரத்தம் கண்டால், மூலம் என்றோ வயிற்றுப்பூச்சி என்றோ தாமே முடிவு செய்து நாள் கடத்தக் கூடாது. மலம் கழிக்கும் முறையில் பல வாரங்கள் நீடிக்கும் மாறுதல், காரணமின்றி உடல் எடை குறைதல் ஆகியவையும் எச்சரிக்கைகளே. உடனே அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்த முடியும்.