குற்றத்தின் காரணம்

காரணமின்றிக் காரியம் தோன்றாதென்பது அளவை நூலார் யாவர்க்கும் ஒப்ப முடிந்ததாம். குடமாகிய காரியத்துக்கு மண் முதற்காரணம்; தண்டசக்கரம் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். இம்மூன்றனுள் ஒன்றையே கண்டு ஏனையவற்றைக் காணாதொழிதல் ஆராய்ச்சிக்கு இழுக்காகும். இளைஞர் குற்றநெறியிற் செல்லுதல் எதனால் என வினவிய மேனாட்டறிஞர் பலர் இவ்விழுக்கினுட் பட்டனர். அவர் கொள்கைகளையும் அவற்றால் விளைந்தனவற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

இத்தாலி நாட்டுப் பெக்காரியா என்பார், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி 1764ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் இன்பதுன்பங்களைச் சீர்தூக்கியே செயலிற் புகுவராகலின், தண்டனை குற்றத்துக்கு ஒத்த அளவினதாய், விரைவும் உறுதியும் உடையதாய் இருப்பின் குற்றம் குறையும் என்பது அவர் துணிபு. சித்திரவதையை அவர் மறுத்தமை உலகுக்குப் பெருநன்மையாயிற்று. எனினும், செய்வோனது தேர்வாகிய நிமித்தம் ஒன்றையே இக்கொள்கை நோக்கிற்று. பன்னிரண்டு வயதுச் சிறுவனும் நாற்பது வயதினனும் ஒரு பெற்றியராய் எண்ணித் துணிவாரல்லர் என்பதற்கு இதன்கண் விடையில்லை.

பின்னர் அந்நாட்டு மருத்துவராகிய லொம்புரோசோ, 1876ஆம் ஆண்டில், பிறவிக் குற்றவாளிகள் உளர் என்றும், மண்டையோடு, தாடை, செவி முதலியவற்றின் அமைப்பே அவரைக் காட்டும் என்றும் எழுதினார். இஃது உடலாகிய முதலையே முழுக்காரணமாகக் கொண்டதாம். சார்லசு கோரிங் என்னும் ஆங்கில மருத்துவர் ஏறக்குறைய 3,000 சிறையாளரை அளந்து, ஏனை மக்களோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கெனத் தனி உடலமைப்பு இல்லையென 1913ஆம் ஆண்டில் நிறுவினார்.

இக்கொள்கை ஏட்டளவில் நின்றிருப்பின் தீங்கு சிறிதேயாம். பிறப்பே குற்றத்துக்கு வித்தென்னும் எண்ணம், லொம்புரோசோவின் நூலுக்கு ஐந்தாண்டு முன்னரே, 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டமாக நம் நாட்டிற் புகுந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்தையும் பற்றியது. மக்கள் அதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். ஒரு குற்றமும் செய்யாதாரும் குலம்பற்றிப் பதிவு செய்யப்பட்டுக் கைரேகை கொடுத்தனர். பிள்ளைகளைப் பெற்றோரினின்று பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைத்தற்கும் அச்சட்டம் இடந்தந்தது. சென்னையில் 1947ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 1952ஆம் ஆண்டிலுமே அது நீங்கிற்று. காரணத்தைப் பிழைபடக் கூறுதல் எத்துணைக் கொடுமையாய் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனித் துணைக்காரணத்தை ஆராய்ந்தார் கூற்றைக் காண்பாம். சிகாகோ நகரில் ஷா, மெக்கே என்னும் இருவர், இளஞ்சிறார் நீதிமன்றத்துக்குக் கொணரப்பட்ட சிறுவரின் இல்லங்களைப் பல்லாண்டு நகரப் படத்திற் குறித்தனர். நகரின் நடுவையும் தொழிற்சாலைகளையும் அடுத்த வறிய பகுதிகளில் அவர் தொகை விகிதம் மிகுந்தும், புறத்தே செல்லச் செல்லக் குறைந்தும் இருந்தது. வியப்புக்குரியது யாதெனின், அவ்வறிய பகுதிகளில் முன்னர் வாழ்ந்த செருமானியரும் ஐரிசு மக்களும் பெயர்ந்து, இத்தாலியரும் போலந்து நாட்டினரும் குடிபுகுந்த பின்னரும், அவ்விடங்களின் விகிதம் உயர்ந்தே நின்றது. பெயர்ந்து சென்றாரிடையே அது குறைந்தது. 1942ஆம் ஆண்டில் நூலாக வந்த இவ்வாராய்ச்சியால், குற்றம் குலத்தைப் பற்றிச் செல்வதன்று என்பது தெளிவாயிற்று.

அற்றேல், ஒரு தெருவில், ஒரு வீட்டில் வளர்ந்த இருவருள் ஒருவன் திருடனாக, மற்றவன் நல்லனாதல் யாங்ஙனம் எனின், கூறுதும். குற்றமும் ஏனைக் கல்விபோல நெருங்கிப் பழகுவாரிடம் கற்கப்படுவதே என்றார் சதர்லாந்து. ஹிர்ஷி என்பார் 1969ஆம் ஆண்டில் வினாவையே மாற்றினார். சிலர் குற்றம் செய்வது ஏன் என வினவாது, பலர் செய்யாதிருப்பது ஏன் என வினவி, பெற்றோர்பாலும் பள்ளிபாலும் உள்ள பற்று முதலிய பிணிப்புக்களே காப்பென்றார். ஆகவே, தெரு ஒன்றாயினும் தோழமையும் பிணிப்பும் வேறாதல் கூடும்.

அங்ஙனமாயின், குற்றம் சூழலதேயன்றிச் சிறுவனதன்று போலும் எனின், அன்று. பாசுட்டன் நகர்ப் பகுதியைச் சார்ந்த குற்றமிழைத்த சிறுவர் 500 பேரைக் கிளூக் தம்பதியர் ஆராய்ந்து 1950ஆம் ஆண்டில் எழுதினர். அக்குறிப்புக்களை மீண்டும் ஆராய்ந்த சாம்ப்சனும் லாப் என்பாரும், நிலையான தொழிலும் நல்ல இல்வாழ்க்கையும் வாய்த்தபோது அவருட் பலர் குற்றத்தைக் கைவிட்டமையை 1993ஆம் ஆண்டில் விளக்கினர். துணை மாறியவழித் தேர்வும் மாறிற்று, தேர்ந்தவன் அவனே. சூழலைக் காரணமெனல் பொறுப்பை அழிப்பதன்று. அது திருந்துதற்கு வாயில் உண்டெனக் காட்டுவதாம்.

இவ்வாராய்ச்சியின் பயன் இன்றும் நம் கண்முன் உளது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் செய்ததாகக் கூறப்படும் 16 முதல் 18 வயதுக்குட்பட்டாரை வளர்ந்தோர்போல விசாரித்தற்கு இடந்தருகின்றது. அதற்குமுன், அவரது உடல் மன ஆற்றல், விளைவை உணரும் அறிவு, செயல் நிகழ்ந்த சூழ்நிலை என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும் என்கின்றது. முதலும் நிமித்தமும் துணையும் ஒருங்கே இவற்றில் அமைந்தமை காண்க. மூன்றையும் ஆராயாது ஒன்றைப் பற்றித் தீர்ப்புரைப்போர், கைரேகைச் சட்டத்தாரின் பிழையையே மீண்டும் செய்வோராவர். சிறுவனது பிறப்பை மாற்றுதல் நம்மால் ஆகாது. அவன் தேர்வை அவனுக்காக நாம் செய்தலும் இயலாது. அவன் தெருவும் பள்ளியும் தோழமையுமாகிய துணையே நம் கையில் உளது. அதனைச் செப்பஞ்செய்யாதிருந்து அவனையே பழித்தல் அறமாகாது.