விழுந்தாலும் எழுந்து நிற்கும் பிள்ளை
(சக்கரப் பலகை விளையாட்டும் வீட்டாரின் துணையும்)



சேமிப்பு, கடன், தொழில் பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இந்த மாதப் பாடம் நம் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றியது. ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகையை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நான்கு சின்னச் சக்கரம் வைத்த பலகை மேல் நின்றுகொண்டு ஓட்டுவது. "அது பட்டணத்துப் பணக்காரப் புள்ளைங்க விளையாட்டு, நமக்கு எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம்மைப் போன்ற எளிய குடும்பத்துப் பெண் குழந்தைகள் இதைக் கற்றிருக்கிறார்கள்.

மாமல்லபுரத்துக் கமலி

மாமல்லபுரம் மீனவர் பகுதியில் வளர்ந்தவள் கமலி. 7 வயதில் அந்த ஊரில் சக்கரப் பலகை ஓட்டிய ஒரே பெண் குழந்தை அவள்தான். அவளுடைய அம்மா தனியாளாக நின்று குடும்பத்தைக் காத்தவர். தனக்குக் கிடைக்காத சுதந்திரம் மகளுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்து அவளை விளையாட விட்டார். இந்தத் தாயையும் மகளையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' என்ற குறும்படம் 2019-ல் வெளிவந்தது. 2020-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. கமலி பிறகு கடலில் அலைச்சறுக்கு விளையாட்டிலும் இறங்கி, தேசியப் போட்டிகளில் பரிசு வென்றாள்.

ஜன்வார் கிராமத்து இரண்டு சட்டங்கள்

மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு கிராமம். கோண்டு பழங்குடியினரும் யாதவர்களும் வாழும் ஊர். 2015-ல் உல்ரிக் ரெயின்ஹார்ட் என்ற ஜெர்மன் நாட்டுப் பெண்மணி அங்கே சிமெண்டில் ஒரு சக்கரப் பலகைத் திடலைக் கட்டினார். அங்கே வைத்த சட்டம் இரண்டுதான். ஒன்று, பள்ளிக்கூடம் போகாவிட்டால் பலகை கிடையாது. இரண்டு, பெண் பிள்ளைகளுக்கே முதலிடம். அந்தத் திடலில் பழகிய ஆஷா கோண்டு என்ற பெண், 2018-ல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டிக்கு நம் நாட்டின் சார்பில் போய் வந்தாள்.

இந்த இரண்டு சட்டங்களையும் நாம் நன்றாக யோசிக்க வேண்டும். "விளையாடினா படிப்பு கெட்டுப்போகும்" என்போம். அங்கே விளையாட்டே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற வழியானது.

எந்த வயதில் தொடங்கலாம்?

5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்தப் பலகை வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் உடம்போடு பார்க்கத் தலை கனமாக இருக்கும். நிதானம் போதாது. விழும்போது தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரியாது. அதற்கு மேல் 10 வயது வரைக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து "பார்த்து, பார்த்து" என்று குரல் கொடுத்தால் போதாது.

படிப்படியாகப் பழக்குவோம்

1. முதலில் புல்தரையில் அல்லது மண்தரையில் பலகையை வையுங்கள். சக்கரம் உருளாது. பிள்ளை ஏறி நின்று, இறங்கிப் பழகட்டும்.

2. எந்தக் கால் முன்னே வருகிறது என்று பாருங்கள். சிலருக்கு இடது கால், சிலருக்கு வலது கால். இரண்டுமே சரிதான். மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

3. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்கச் சொல்லுங்கள். விறைப்பாக நின்றால் பலகை நகர்ந்ததும் ஆள் பின்பக்கம் சாய்ந்துவிடும்.

4. பிறகு சமமான சிமெண்ட் தரை. நாம் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். சில நாள் கழித்து ஒரு கை. அப்புறம் கையை விட்டுவிட்டுக் கூடவே நடந்தால் போதும்.

5. வேகம் வருமுன்னே நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். முன்காலைப் பலகையில் ஊன்றி, பின்காலைத் தரையில் லேசாகத் தேய்த்தால் பலகை நிற்கும். இது கைவந்த பிறகுதான் காலால் தள்ளி ஓட்ட விடலாம்.

6. தொடங்குமுன் தரையைப் பெருக்கிவிடுங்கள். சின்னக் கூழாங்கல் ஒன்று சக்கரத்தில் மாட்டினாலும் பலகை சட்டென்று நிற்கும், பிள்ளை முன்னால் போய் விழும்.

விழாமல் யாரும் கற்றதில்லை

இந்த விளையாட்டில் விழுவது நிச்சயம். பயந்து கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு உடையும். உடம்பைக் குறுக்கி, தோள் பக்கமாக உருளப் பழக்க வேண்டும். தலைக்கவசம், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு உறைகள் அவசியம். தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக் கட்ட வேண்டும்.

ஸ்கை பிரவுன் என்ற சிறுமி 2020-ல், 11 வயதில், பயிற்சியின்போது உயரத்திலிருந்து விழுந்தாள். மண்டை ஓட்டிலேயே முறிவு ஏற்பட்டது. தலைக்கவசம் போட்டிருந்ததால் உயிர் பிழைத்தாள். அடுத்த ஆண்டே டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக வெண்கலப் பதக்கம் வென்றாள். பதக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கவசத்தை மறந்துவிடக் கூடாது.

விழுந்த பிள்ளை வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி வழிந்தாலோ, பேச்சில் குழப்பம் இருந்தாலோ, "சரியாப் போயிரும்" என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி போகிற சாலையில் ஒருநாளும் ஓட்ட விடக் கூடாது.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?"

கேள்வி வெளியிலிருந்துதான் வரும் என்றில்லை. நம் வீட்டிலேயே வரும். "கை கால்ல தழும்பு விழுந்தா நாளைக்கு யாரு கட்டிக்குவா?" என்பார்கள். ஆண் பிள்ளையின் முழங்காலில் காயம் இருந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வயதுக்கு வந்ததும் நம்மில் பலருக்கு விளையாட்டு நின்றது. தெருவில் ஓடுவதும் நின்றது. விழுந்து எழும் பழக்கத்தைப் பெண்ணுக்கு மறுத்துவிட்டு, பெரியவளான பிறகு "தைரியமா இரு" என்று சொன்னால் அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்?

மகள் விழும்போது ஓடிப்போய்த் தூக்காமல், காயமில்லை என்று பார்த்துவிட்டு, அவளே எழ ஒரு நிமிடம் பொறுத்திருப்பதும் அம்மாவின் துணைதான். அப்பாவும் அண்ணனும் மாலையில் கொஞ்ச நேரம் கூட நின்றால் ஊர்ப் பேச்சு தானாக அடங்கும்.

நம் குழு என்ன செய்யலாம்?

ஒவ்வொரு வீட்டிலும் பலகை வாங்கத் தேவையில்லை. ஒரே பலகையில் நான்கைந்து பிள்ளைகள் முறை வைத்துப் பழகலாம். பணம் குறைவாக இருந்தால் முதலில் கவசம் வாங்குவோம், பலகை அப்புறம். அறுவடை இல்லாத நாட்களில் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் சும்மாதான் கிடக்கிறது. ஊராட்சியில் கேட்டு அதைப் பயன்படுத்தலாம். பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்று கிராம சபையில் நாமே எழுந்து பேசலாம்.

சக்கரப் பலகை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. சைக்கிள், நீச்சல், கபடி எதுவானாலும் இந்தப் பாடம் பொருந்தும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

- நம் ஊரில் 10 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் தினமும் வெளியே விளையாடுகிறார்கள்?
- விளையாட்டை நிறுத்தியவர்கள் எந்த வயதில் நிறுத்தினார்கள்? நிறுத்தச் சொன்னது யார்?
- பிள்ளைகள் பயமின்றி விளையாட நம் ஊரில் எந்த இடம் இருக்கிறது?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோவோம்.