பழைய கோவாவின் செந்நிறப் பேராலயம்

மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா சென்றோர், அங்குள்ள குன்றின்மேல் கூரையின்றி நிற்கும் புனித பவுல் தேவாலயத்தைக் கண்டிருப்பர். 1542ஆம் ஆண்டு முதல் தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே தொண்டாற்றிய புனித சவேரியார், 1552இல் சீனக் கரையோரத் தீவொன்றில் மறைந்தார். அவரது உடல் 1553இல் சில மாதங்கள் அந்த மலாக்கா ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பின்னர் இந்தியாவின் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இன்று அவ்வுடலைத் தாங்கி நிற்பது பழைய கோவாவின் போம் ஜீசஸ் பேராலயமாகும். அதன் வரலாற்றையும் அமைப்பையும் நாம் அறிவோமாக.

இயேசு சபைத் துறவியர் தம் மடத்தை ஒட்டி இவ்வாலயத்தை எழுப்பினர். 1594இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1605இல் ஆலயம் வழிபாட்டிற்கு நேர்ந்தளிக்கப்பட்டது. 1759இல் போர்த்துகீசிய அரசு அத்துறவியரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. எனினும் ஆலயம் அழியவில்லை. 1986இல் கோவாவின் பிற ஆலயங்களோடு இதுவும் உலக மரபுச் சின்னமாயிற்று.

அக்காலத்தில் ஐரோப்பாவில் தோன்றி வளர்ந்த கட்டடக் கலை பரோக் எனப்படும். காண்போர் உள்ளத்தை வியப்பில் ஆழ்த்துவதே அதன் நோக்கம். இவ்வாலயத்தின் முகப்பில் தூண் வரிசைகள் அடுக்கடுக்காய் உயர்கின்றன. உச்சியில் இயேசு சபையின் முத்திரை செதுக்கப்பட்டுள்ளது. உள்ளே நுழைந்தால், பொன்முலாம் பூசிய பெரும் பலிபீடம் கண்ணைப் பறிக்கும். சவேரியாரின் உடல் கோவாப் பொற்கொல்லர் செய்த வெள்ளிப் பேழையில் உள்ளது. அப்பேழையைத் தாங்கும் பளிங்கு மேடையை இத்தாலியச் சிற்பி ஃபோகினி உருவாக்கினார். அது 1698இல் இங்கு நிறுவப்பட்டது.

இனி, நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆலயச் சுவர்கள் செம்புரைக்கல்லால் ஆனவை. இது வெட்டுவதற்கு எளியது. ஆனால் நுண்துளைகள் நிறைந்தமையால் நீரை உறிஞ்சும். ஆதலின் பண்டைய கொத்தர்கள் சுவரின்மேல் சுண்ணச்சாந்து பூசி மழையைத் தடுத்தனர். 1950களில் நடந்த சீரமைப்பின்போது, கட்டடம் பழமையாய்த் தோன்ற வேண்டுமெனக் கருதி அப்பூச்சை அகற்றிவிட்டனர். இன்று பயணிகள் வியந்து நோக்கும் செந்நிறம், உண்மையில் காப்பிழந்த கல்லின் நிறமே. ஆண்டுதோறும் பருவமழை அக்கல்லை அரிக்கின்றது. மீண்டும் சாந்து பூசுக என்னும் கோரிக்கையும் எழுந்துள்ளது.

திருவிழாவுக்கு முன் தோட்டத்துக் கோயிலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை நம் பெற்றோர் நன்கறிவர். அது அழகுக்காக மட்டுமன்று. சுவரைக் காக்கும் பணியுமாகும். பழைய கட்டடமொன்றைப் புதுப்பிக்க முனைவோர், முன்னோர் அதனை ஏன் அவ்வாறு அமைத்தனர் என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். கோவாவின் ஆலயம் நமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாகும்.